ஆறாம் பக்கத்து எலிகள்

என் கட்டுரையை யாராவது எங்கேயாவது மேற்கோள் காட்டினால் என் கைப்பேசிக்கு ஒரு தகவல் வரும். மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு அது வந்தால் அன்றைக்கு நல்ல நாள். எனக்கு அதைத் திறக்கவே பயம். முன்பு இப்படி இருந்ததில்லை. முன்பு எனக்குத் தகவலே வராது.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் துறையில் இருக்கிறேன். பூதப்பாண்டி போகிற வழியில், வயலைப் பார்த்தாற்போல் வீடு. இத்தனை வருஷத்தில் கட்டுரைகள் நிறையவே எழுதியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றை நானும், என்னோடு எழுதியவர்களும், பிழை கண்டுபிடிப்பதற்கென்றே வாசித்த இரண்டு மூன்று பேரும் தவிர வேறு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. செய்த வேலை ஒழுங்காக இருக்கிறது, எப்போதாவது யாருக்காவது பயன்படும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் உலகத்தில் ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எண்ணைத்தான் சொல்வார்கள். எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார்கள் என்று கூட்டிச் சொல்வதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. பதவி உயர்வு, கல்லூரியின் தர வரிசை, விழா மேடையில் நாற்காலி எல்லாமே அதைப் பார்த்துத்தான். எதற்காக எடுத்துக் காட்டினார்கள் என்பது மட்டும் கணக்கில் வராது. 'இந்த அம்மா சொல்வது சுத்தத் தப்பு' என்று எழுதி என் பெயரைப் போட்டாலும் எனக்கு ஒன்று கூடும்.

நான் சொல்லப்போகும் கட்டுரை ஒரு செடியைப் பற்றியது. செடியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இதை வாசிக்கிறவர்களில் நாலு பேர் நாளைக் காலையிலேயே அதைத் தேடிப் பிடித்து மிக்சியில் போடுவார்கள். போடமாட்டோம் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் நம்பமாட்டேன். நம்பி நம்பித்தான் இந்த நிலைமை.

செடியை எனக்குப் பறித்துத் தந்தது என் அக்கா. அவள் சிதறால் பக்கம் எங்கள் அப்பா வீட்டிலேயே இருக்கிறாள். அத்தான் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அக்காவுக்குக் கைராசி. எதை நட்டாலும் பிடிக்கும். அவளுக்குச் சர்க்கரை வியாதி ரொம்ப நாளாக உண்டு, மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தாள். ஆய்வுக்கு இலை வேண்டும் என்று நான் சொன்னபோது மலையடிவாரத்துப் பாறை இடுக்குகளில் தேடி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். கட்டுரையின் முடிவில் நன்றி சொல்கிற இடத்தில் அவள் பெயரையும் போட்டேன். அந்தப் பக்கத்தை அவள் பிரதி எடுத்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆய்வு இதுதான். வெள்ளெலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, இந்த இலைச்சாற்றை வெவ்வேறு அளவில் கொடுத்தோம். சர்க்கரை இறங்கியது. நன்றாகவே இறங்கியது. ஆனால் அதிக நாள் கொடுத்த கடைசிக் கூட்டத்து எலிகளுக்கு ஈரல் சரியாக இல்லை. வெளிறிப்போய், வீங்கி, கத்தி வைத்தால் பொடிகிற பதத்தில் இருந்தது. அதை ஆறாம் பக்கத்தில் படத்தோடு எழுதினேன். முதல் பக்கத்துச் சுருக்கத்தின் கடைசி வரியிலும் எழுதினேன்: சர்க்கரையைக் குறைக்கிறது, ஆனால் நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கிறது, மனிதர்கள் உட்கொள்ளத் தகுந்ததல்ல. தலைப்பில் ஈரல் இல்லை. தலைப்பில் எல்லாவற்றையும் எழுத முடியாது, சர்க்கரை மட்டும்தான் இருந்தது.

வெளிவந்து சில வருஷங்கள் அந்தக் கட்டுரை சும்மா கிடந்தது. பிறகு ஒரு காலையில் மூன்று தகவல் சேர்ந்து வந்தது. அடுத்த வாரம் இன்னும் சில. ஒரு மாதம் போனதும் தினசரி என்றாகிவிட்டது. எங்கள் துறைத்தலைவர் இந்த எண்களைப் பார்ப்பதில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற ஆர்வம் உள்ளவர். நடைவழியில் என்னைக் கண்டதும் கையை மேலே தூக்கிக் காட்டுவார். "கேறிட்டே போகுது மேடம்!" என்பார். எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், யார்தான் இப்படி என்னை எடுத்துக் காட்டுகிறார்கள் என்று பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். முதல் கட்டுரையைத் திறந்தேன். என் பெயர் வந்த இடத்தில், 'இச்செடி சர்க்கரை நோய்க்கு மிகுந்த பயனுள்ளது, எந்தப் பக்கவிளைவும் அற்றது' என்று இருந்தது. இவன் வேறு யாரோ எழுதியதை என் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்து அடுத்ததைத் திறந்தேன். அதிலும் அதே வாக்கியம். அதற்கடுத்ததிலும் அதே. சொல் மாறவில்லை, காற்புள்ளி மாறவில்லை. நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

சாயங்காலத்துக்குள் ஊற்றைக் கண்டுபிடித்துவிட்டேன். யாரோ ஒருவர் மூலிகைகளைப் பற்றியெல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகுப்புக் கட்டுரை எழுதியிருக்கிறார். என் சுருக்கத்தில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு 'ஆனால்' வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பக்கவிளைவு அற்றது என்பதை எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை, வாய்க்கு வந்ததை எழுதியிருக்க வேண்டும். மற்ற எல்லாரும் அவரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அவரை வாசித்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட என் கட்டுரையைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். திறந்திருந்தால் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தத் தொகுப்பு எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மற்றவர்களுக்கும் அனுப்பினேன். ஒருவர் மட்டும் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார். இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் தன்னைத் தொடர்புகொண்டதில் மகிழ்ச்சி என்றும், என் அடுத்த கட்டுரையில் அவருடைய கட்டுரை ஒன்றை மேற்கோள் காட்ட முடியுமா என்றும் கேட்டிருந்தார். நான் எழுதியதை அவர் வாசிக்கவில்லை என்பதற்கு அந்தப் பதிலே சாட்சி.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கவனமாகத்தான் கேட்டார்.

"மேடம், நம்மள ஒருத்தன் எடுத்துச் சொல்லியதே பெரிய காரியமாக்கும். தப்பாச் சொல்லியான்னு சண்டைக்குப் போனா, நாளைக்கு எவன் சொல்லுவான்?"

"சார், இதைப் பாத்திட்டு யாராவது குடிச்சா?"

"ஜர்னலைப் பாத்தா ஆளுக குடிக்கியாவ? நல்ல கதை. யாரு மேடம் அதை வாசிக்கப் போறது?"

அவர் சொன்னதில் பாதி சரி. யாரும் வாசிக்கவில்லை. அந்த வருஷம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். என் பழைய போட்டோ, பக்கத்தில் அந்தச் செடி, கீழே மேற்கோள் எண்ணிக்கை. எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் இருந்தது. ஃபிளெக்ஸ் அடிப்பதற்குள் ஏறிவிடும் என்று தெரிந்தே போட்டிருந்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. என் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு எழுதி அனுப்பினேன். தலைப்பிலேயே ஈரல் என்று போட்டேன். அதையும் வெளியிட்டார்கள். அதற்கு இன்றுவரை ஒரு மேற்கோள்கூடக் கிடையாது. பழைய கட்டுரை தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. ஏதோ ஒரு நாட்டில் இலைப்பொடியைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள் என்றும், புட்டியில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று இருக்கிறது என்றும் ஒரு மாணவி சொன்னாள். அன்று முதல் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் என் பயமெல்லாம் எங்கேயோ தூரத்தில் இருக்கிற, முகம் தெரியாதவர்களைப் பற்றியதாக இருந்தது. எனக்கும் அவ்வளவுதான் புத்தி போயிற்று.

அக்கா கூப்பிட்டாள். "மக்கா, அறுப்பின் பண்டிகைக்கு வருவியா? உனக்குக் காட்ட ஒரு காரியம் வச்சிருக்கேன் கேட்டியா. வராம இருந்திராதே."

அறுப்பின் பண்டிகை எங்கள் சபையில் பெரிய நாள். அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்ந்ததை, சுட்டதைக் கொண்டுவந்து கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம். ஒரு தேங்காய் பத்துத் தேங்காய் விலைக்குப் போகும். யாருக்கும் வருத்தமில்லை, எல்லாம் கோயிலுக்குத்தானே. நான் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிகிற நேரம். போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், உலகம் முழுவதும் எடுத்துப் பேசப்படும் ஆராய்ச்சியாளர் நம் சபைப் பிள்ளை என்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முன்வரிசையில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தாள்.

முற்றத்துக்கு வந்தோம். மேசையில் செவ்வாழைக் குலைக்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் வரிசையாகக் கறுப்புப் பைகள். ஒவ்வொரு பையிலும் அந்தச் செடி. தளதளவென்று நின்றது. பாறை இடுக்கில் வளர்ந்ததைவிட இலை அகலம்.

"எப்பிடி இருக்கி?" என்றாள் அக்கா. "எல்லாம் எனக்க கையால நட்டதாக்கும். நீ கண்டுபிடிச்ச செடி. நம்ம ஆளுகளுக்கு முதல்ல கிடைக்கண்டாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சபைச் செயலாளர் ஒரு பையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். "நம்ம பிள்ளை உலகத்துக்கே கண்டுபிடிச்சுக் குடுத்த செடி! சுகர் ஓடிப்போவும்! கேளுங்க, கேளுங்க!" கை உயர ஆரம்பித்தது. எங்கள் சபையில் சர்க்கரை இல்லாத வீடு கிடையாது.

நான் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போனேன். "இதை ஏலம் போடாதீங்க. இதைக் குடிக்கக் கூடாது. குடிச்சா ஈரல் போயிரும்" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், மேடையில்லாத இடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

கூட்டம் சிரித்தது.

ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்தது, அதுதான் கொடுமை. எங்கள் பண்டிகை ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைக் கொண்டுவந்த வீட்டுக்காரர்களே எழுந்து அதைக் குறை சொல்வார்கள். 'அந்தச் சேவல் கொத்தும், வாங்காதீங்க' என்பார்கள். 'அந்தச் சக்கைப்பழத்தில சுளையே கிடையாது' என்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கிறவர்களுக்கு வீம்பு ஏறும், விலையும் ஏறும். எந்த வீட்டுக்காரர் நன்றாகக் குறை சொல்கிறாரோ அவர் பொருள் நல்ல விலைக்குப் போகும். சின்ன வயதில் அப்பா ஒரு மரச்சீனிக் கிழங்கைத் திட்டித் திட்டியே பெரிய விலைக்கு ஏற்றியிருக்கிறார். அவருடைய மகள் இப்போது செடியைத் திட்டுகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"டாக்டரம்மாவுக்கு விட மனசில்ல, கேட்டியளா!" என்றார் செயலாளர். "ஈரல் கெட்டியா உள்ளவன் எடுங்க!"

"அய்யோ, நான் வெளையாட்டுக்குச் சொல்லல்ல. எலிக்கெல்லாம் ஈரல் அழுகிப்போச்சு!"

சிரிப்பு இன்னும் கூடியது. விலை அப்படியே மேலே போனது. நான் பேசப் பேச ஏறியது. பேச்சை நிறுத்தினால் குறையுமோ என்று நிறுத்திப் பார்த்தேன். 'டாக்டரம்மா தோத்தாச்சு' என்று சொல்லி அந்தப் பையை ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடித்தார்கள். அத்தனை பைகளும் போயின. கிடைக்காதவர்கள் வாங்கியவர்களிடம் ஒரு கம்பு ஒடித்துத் தரச் சொல்லிப் பேசிவைத்துக்கொண்டார்கள். கம்பு நட்டாலே பிடித்துக்கொள்ளும் செடி அது.

ஐயரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த ஞாயிறு அறிவிப்பில் கட்டாயம் சொல்வதாகச் சொன்னார். சொல்லவும் செய்தார். ஆனால் அது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தபோது, 'டாக்டரம்மா அளவாக் குடிக்கச் சொல்லியிருக்கு' என்று ஆகியிருந்தது. சபையின் கைப்பேசிக் குழுவில் ஒருவர் அளவையே போட்டுவிட்டார், காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் என்று. அதன் கீழே என் பெயர்.

ஏலம் முடிந்த அன்று அக்காவைக் கோயிலுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். அவள் முகம் சரியாகத் தெரிந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடியிருந்தது. நேற்று இன்று ஓடியது இல்லை.

"அக்கா, நீ அதைக் குடிக்கியா?"

"பின்ன? உனக்க காலேஜில போர்டு வச்சப்பம் இருந்தே குடிக்கியேன். சுகர் எறங்கியாச்சு மக்கா. மாத்திரையே நிறுத்தியாச்சு. உனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன்."

"எவ்வளவு குடிக்கிய?"

"ஒரு டம்ளர். சில நாளு சாயந்திரமும். கசப்புதான். குடிச்சா ஒரு உஷாராக்கும்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. திட்டினேன். படிக்காதவளா நீ, கேட்காமல் எப்படிக் குடித்தாய் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளை அடம்பிடிப்பதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ பேப்பர்ல எழுதினப்பம் சயின்டிஸ்டா எழுதின. இப்பம் எனக்க தங்கச்சியா நின்னு பேசிய. பயம் வந்திட்டு, அதான். நான் எதை நம்பட்டும்?"

"ரெண்டிலயும் ஒரே காரியத்தைத்தான் சொல்லியிருக்கேன் அக்கா."

"அப்பம் எதுக்கு இத்தன பேரு நல்லதுன்னு எழுதியாவ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, நீளமான பதில். சொல்லத் தொடங்குவதற்குள் யாரோ சாயா குடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா போய்விட்டாள்.

மறுநாள் அத்தானும் நானும் பிடிவாதமாக அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். ஈரல் சம்பந்தமான எண்கள் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. என் வாழ்க்கையில் ஏறிப்போன எண்களைப் பார்த்துப் பயப்படப் பழகியவள் நான். ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க முடியவில்லை, அத்தானிடம் கொடுத்துவிட்டேன். அன்றே நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். நான் செடியைப் பற்றிச் சொன்னதும் குறித்துக்கொண்டார். மறுநாள் வந்தபோது வேறு பரிசோதனைகள் எழுதியிருந்தார்.

"அந்தச் செடியா இருக்காது மேடம். நான் தேடிப் பாத்தேன். அது சேஃப்னு லிட்டரேச்சர் நல்லா இருக்கு. வேற காரணம் ஏதாவது இருக்கான்னு பாப்போம்" என்று கைப்பேசியைக் காட்டினார். அந்தத் தொகுப்புக் கட்டுரை. அந்த வாக்கியம். வாக்கியத்தின் முடிவில் என் பெயர்.

"டாக்டர், இந்தப் பேப்பரை எழுதினது நான்."

அவர் என்னைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். "நீங்களே சேஃப்னு எழுதியிருக்கீங்களே மேடம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். நான் என் கைப்பேசியில் முழுக் கட்டுரையையும் திறந்து ஆறாம் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே வாசித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஸாரி மேடம், நான் ரிவ்யூதான் பாத்தேன்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இத்தனை பேரு கோட் பண்ணியிருக்காங்களே..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசித்தாரே, அதுவே பெரிது.

செடியை நிறுத்தியாயிற்று, இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை, காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். ஈரல் தானாகத் திரும்பி வரலாம். வராமலும் போகலாம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இருந்து பார்க்க வந்தார்கள். ஜெபித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். போகும்போது ஒருத்தி பைக்குள் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். பச்சையாக இருந்தது. "அக்கா வச்ச செடியிலேயே எடுத்ததாக்கும். வெசனப்படாம குடிக்கச் சொல்லு, தெம்பு வரும்" என்றாள். நான் அதை அவர்கள் கண் முன்னாலேயே கழுவு தொட்டியில் ஊற்றினேன். இந்தப் பெண்ணுக்குப் படிப்பு கூடித் தலைக்கனம் வந்துவிட்டது என்று நடைவழியில் பேசிக்கொண்டு போனார்கள். பேசட்டும். அவர்கள் ஒவ்வொருவர் கண்ணையும் நான் சன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன். இரண்டு பேருடையது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு அன்றே கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் சரி என்றார். ஒருவர் போனை வைத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு அக்கா கேட்டாள். "உனக்க பேப்பரு கையில இருக்கா?"

"போன்ல இருக்கு."

"வாசி. முழுசா வாசி. இங்கிலீஷ்ல வேண்டாம், நம்ம பேச்சில சொல்லு."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தலைப்பில் இருந்து தொடங்கினேன். எங்கள் பேச்சில் சொல்லும்போது அது வேறு ஏதோ மாதிரி இருந்தது. எலிகளை எங்கிருந்து வாங்கினோம், என்ன தீனி போட்டோம், எப்படிச் சர்க்கரை வரவழைத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இலை பறித்த இடம் வந்ததும் "அந்தப் பாறைக்கு மேக்காலதான்" என்றாள். மற்றபடி குறுக்கே பேசவில்லை. இத்தனை பேர் பெயர் சொன்ன கட்டுரையை நான் அறிய முதல் வரியில் இருந்து ஒழுங்காகக் கேட்ட ஆள் அவள்தான்.

ஆறாம் பக்கம் வந்தது. நிறம், வீக்கம், எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். எதையும் மென்மைப்படுத்தவில்லை.

"அதுகளுக்கு எவ்வளவு நாளு குடுத்த?"

"ஒண்ணரை மாசம்."

அவள் விரலை மடக்கவில்லை, கணக்கும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

"பொறவு நிறுத்தினியா?"

"நிறுத்தினோம்."

"நிறுத்தின பொறவு அதுகளுக்கு ஈரல் நல்லாச்சா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. திருத்தியவர்கள் கேட்கவில்லை. மேற்கோள் காட்டிய அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியாது அக்கா. ஈரலைப் பாக்கணும்னா அறுத்துத்தான் பாக்கணும். நிறுத்தின அண்ணைக்கே எல்லாத்தையும் கொன்னாச்சு."

"ஒண்ணைக்கூட விட்டுவச்சுப் பாக்கல்லியா?"

"இல்ல."

அவள் மெல்லத் தலையை என் பக்கம் திருப்பினாள். அறைக்குள் நல்ல வெளிச்சம் இருந்தது. அவள் கண்ணில் இருந்த மஞ்சளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செரி மக்கா," என்றாள். "அதை இனி என்னைப் பாத்து எழுதிக்கோ."